எண்ணும்போது எங்கே இடறுகிறோம்?



போன ஆண்டு எங்கள் கிளையின் மாலை வகுப்பில் நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருவர் எழுந்து நின்று தன்னை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், பிறகு ‘ஐ ஹேவ் டூ பிரதர்’ என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. ‘பிரதர்ஸ்லா, பிரதர்ஸ்!’ என்று ஒரு குரல். அவ்வளவுதான். அந்தத் தங்கை உட்கார்ந்தார். அடுத்த மூன்று வாரம் ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை.

ஒரே ஒரு ‘எஸ்’. அது விட்டுப்போனதற்கு மூன்று வார மௌனம்!

சிரித்த பையனை நான் அன்று கண்டித்தேன். ஆனால் அந்தத் தங்கைக்கு நான் செய்திருக்க வேண்டியது அது மட்டுமில்லை. ‘நீ ஏன் அப்படிச் சொன்னாய்’ என்று அவருக்கே விளக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தவறு அறிவுக் குறைவால் வந்ததில்லை. நமக்கு மூன்று மொழி தெரியும் என்பதால் வந்தது.

வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? ‘எனக்கு ரெண்டு அண்ணன்.’ யாராவது ‘ரெண்டு அண்ணன்கள்’ என்று சொல்கிறோமா? பள்ளியில் மலாயில் எப்படி? ‘சாயா அடா டுவா ஓராங் அபாங்.’ அதிலும் ‘அபாங்’ மாறவில்லை. எண்ணைச் சொன்ன பிறகு பெயர்ச்சொல்லைப் பன்மையாக்கத் தேவையில்லை என்பதில் தமிழும் மலாயும் ஒத்துப்போகின்றன. ‘ரெண்டு’ என்று சொல்லிவிட்டோமே, அதற்கு மேல் பன்மை எதற்கு? நியாயமான கேள்விதான். ஆங்கிலம்தான் அந்த நியாயத்தை ஏற்பதில்லை. தெரிந்த மூன்று மொழியில் இரண்டு ஒரு பக்கம் இழுத்தால், நாக்கு அந்தப் பக்கம்தான் போகும்.

ஆகவே இந்த மாதப் பாடத்தில் எண்ணுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு உங்கள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காதும் கையும் சேர்ந்து பழகினால்தான் மனத்தில் நிற்கும்.

பாடம் முழுவதற்கும் ஒரே ஒரு சாவி உண்டு. ஐயம் வரும்போதெல்லாம் உங்களையே கேளுங்கள்: ‘இதைத் தனித்தனியாக எண்ணுகிறேனா, மொத்தமாகப் பார்க்கிறேனா?’ பெரும்பாலான பூட்டுகள் இந்தச் சாவிக்குத் திறந்துவிடும்.

1. எண் வந்தால் ‘எஸ்’ வரும்

ஒன்றுக்கு மேல் எந்த எண் வந்தாலும் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பன்மையாக வேண்டும். ‘டூ பிரதர்ஸ்’, ‘ஃபைவ் புக்ஸ்’, ‘டென் டேஸ்’. ‘சில்ட்ரன்’, ‘மென்’, ‘ஃபீட்’ போன்றவை ‘எஸ்’ இல்லாமலே பன்மையானவை. அவற்றோடு மறுபடி ‘எஸ்’ ஒட்டி ‘சில்ட்ரன்ஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றரை? அதுவும் பன்மைதான். ‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’, ‘ஒன் பாயிண்ட் ஃபைவ் லீட்டர்ஸ்’. ஒன்றைத் தாண்டியாயிற்று அல்லவா? ஆனால் அரை மணி நேரம் ‘ஹாஃப் அன் அவர்’. அங்கே ‘எஸ்’ இல்லை. வேடிக்கை என்னவென்றால், சுழியமும் பன்மைதான்! ‘ஸீரோ மார்க்ஸ்’, ‘நோ மிஸ்டேக்ஸ்’. ஒன்றுமே இல்லாததற்கு எதற்குப் பன்மை என்று கேட்காதீர்கள். ‘ஒன்று’ மட்டும்தான் ஒருமை என்பது ஆங்கிலத்தின் கணக்கு.

நம் நாட்டுப் பணத்துக்கு மட்டும் ஒரு சலுகை. ‘டாலர்ஸ்’, ‘பவுண்ட்ஸ்’ என்கிறோம். ஆனால் ‘ரிங்கிட்’டும் ‘சென்’னும் பன்மையிலும் மாறுவதில்லை. ‘டென் ரிங்கிட் ஃபிஃப்டி சென்’ என்பதே சரி.

எண்ணவே முடியாத சொற்களும் உண்டு. ‘ஹோம்வொர்க்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மென்ட்’. ஆங்கிலம் இவற்றை மொத்தமாகவே பார்க்கிறது. ‘த்ரீ ஹோம்வொர்க்ஸ்’ என்று சொல்லவே கூடாது. எண்ணியே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஒரு சொல்லைப் போட வேண்டும்: ‘த்ரீ பீஸஸ் ஆஃப் ஹோம்வொர்க்’. இது நமக்குப் புதிதா என்ன? மலாயில் ‘தீகா ஏக்கோர் கூச்சிங்’, ‘டுவா புவா கெரெத்தா’ என்று எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சொல் வைக்கிறோம். அதைப் பள்ளியில் ‘பென்ஜோடோ பிலாங்கான்’ என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தின் ‘பீஸ் ஆஃப்’ ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. ‘எஸ்’ எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். ‘பீஸ்’ என்பதோடுதான், ‘ஹோம்வொர்க்’ என்பதோடு இல்லை.

2. ‘எஸ்’ ஓடிப்போகும் இடம்

‘எண் வந்தால் எஸ் வரும்’ என்று மனப்பாடம் செய்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கும்போதுதான் இந்தக் குழி வரும். மூன்று நாள் முகாமை எப்படிச் சொல்வது? ‘த்ரீ டேஸ் கேம்ப்’ என்று எழுதத் தோன்றும். தவறு. ‘த்ரீ-டே கேம்ப்’ என்பதே சரி. நடுவில் ஒரு சிறு கோடும் வரும்.

காரணம் இதுதான். ‘வீ ஸ்டேய்ட் த்ரீ டேஸ்’ என்னும்போது நாட்களைத் தனித்தனியாக எண்ணுகிறோம். ‘த்ரீ-டே கேம்ப்’ என்னும்போது எண்ணுவது நாட்களை அல்ல. முகாம் ஒன்றுதான், அது எப்படிப்பட்ட முகாம் என்று சொல்கிறோம். இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே அடைமொழி ஆகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அடைமொழிக்குப் பன்மை கிடையாது.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும். ‘மூன்று நாள் முகாம்’ என்றுதானே சொல்கிறோம்? ‘மூன்று நாட்கள் முகாம்’ என்றால் நம் காதுக்கே ஒட்டவில்லை. ‘ஐந்தாண்டுத் திட்டம்’, ‘பத்து வெள்ளி நோட்டு’ எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்திலும் ‘ஃபைவ்-இயர் பிளான்’, ‘டென்-ரிங்கிட் நோட்’. ஆகவே பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் தமிழ்க் காதை நம்புங்கள்.

வயது சொல்லும்போதுதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ‘ஷீ இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்.’ இது எண்ணிக்கை, ‘எஸ்’ உண்டு. ‘எ டென்-இயர்-ஓல்ட் கேர்ள்.’ இது அடைமொழி, ‘எஸ்’ இல்லை. ‘டென்-இயர்-ஓல்ட்ஸ்’ என்றால் பத்து வயதுப் பிள்ளைகள். அங்கே முழுச் சொல்லும் பெயர்ச்சொல்லாகிவிட்டதால் ‘எஸ்’ கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது.

வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். ‘த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதும்போது ‘இயர்ஸ்’ என்பதன் கடைசியில், ‘எஸ்’ எழுத்துக்குப் பிறகு, மேலே ஒரு சிறு குறி வர வேண்டும். மூன்று ஆண்டுகளின் அனுபவம் என்று பொருள். குறி போட மறந்துவிடுவோமோ என்று பயமா? ‘த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதிவிடுங்கள். வம்பில்லை.

3. நூறா, நூற்றுக்கணக்கா?

‘டூ ஹண்ட்ரட் பீப்பிள்.’ இங்கே ‘ஹண்ட்ரட்’டுக்கு ‘எஸ்’ இல்லை. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்.’ இங்கே உண்டு. ‘தவுசண்ட்’, ‘மில்லியன்’, ‘டஜன்’ எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

சரியான எண் தெரிந்தால் ‘எஸ்’ இல்லை, ‘ஆஃப்’ இல்லை. எண் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னால் இரண்டும் வரும். தமிழில் ‘இருநூறு பேர்’ என்பதற்கும் ‘நூற்றுக்கணக்கான பேர்’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மலாயிலும் ‘டுவா ராத்துஸ் ஓராங்’ வேறு, ‘பெராத்துஸ்-ராத்துஸ் ஓராங்’ வேறு. இந்த இடத்தில் மூன்று மொழியும் ஒரே பாதையில் நடக்கின்றன. ஆகவே ‘டூ ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்று கலந்து கட்டாதீர்கள். முட்டை இரண்டு டஜன் என்றால் ‘டூ டஜன் எக்ஸ்’, அவ்வளவுதான்.

பெரிய எண்களில் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிறோம், படத்தின் வசூல் ‘நூறு கோடி’ என்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் நம் நண்பருக்குச் சொல்லும்போது தடுக்கிவிடுகிறோம். இந்த நான்கு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

ஒரு லட்சம் – ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’.
பத்து லட்சம் – ‘ஒன் மில்லியன்’.
ஒரு கோடி – ‘டென் மில்லியன்’.
நூறு கோடி – ‘ஒன் பில்லியன்’.

எண்ணில் காற்புள்ளி போடும் இடமும் மாறும். இந்தியாவில் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுவார்கள். இங்கே 100,000. பழைய பிரிட்டிஷ் புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல். முன்பு அங்கே ‘பில்லியன்’ என்றால் பத்து லட்சம் தடவை பத்து லட்சம். 1974-இல்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் ஆயிரம் மில்லியனையே ‘பில்லியன்’ என்று எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அதற்கு முந்தைய புத்தகத்தில் ‘பில்லியன்’ கண்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

4. ஐம்பது வெள்ளி ஒருமையா, பன்மையா?

இப்போது நம் சாவியை எடுங்கள். ‘ஃபிஃப்டி ரிங்கிட் இஸ் எனஃப்.’ ஐம்பது வெள்ளி போதும். ஐம்பது என்றால் பன்மைதானே, ‘ஆர்’ வர வேண்டாமா? வேண்டாம். நாம் ஐம்பது ஒரு வெள்ளி நோட்டைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை. ஒரு மொத்தத் தொகையைப் பார்க்கிறோம். மொத்தம் என்றால் ஒருமை.

பணம், தூரம், நேரம், எடை நான்கும் இப்படித்தான். ‘ஃபோர் கிலோமீட்டர்ஸ் இஸ் எ லாங் வாக்.’ ‘டூ வீக்ஸ் இஸ் நாட் எனஃப்.’ இங்கே ‘கிலோமீட்டர்ஸ்’, ‘வீக்ஸ்’ என்று பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ இருக்கிறது. வினைச்சொல் மட்டும் ஒருமை. தமிழில் ‘நாலு கிலோமீட்டர் ரொம்ப தூரம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம், வினைச்சொல்லே வராது. அதனால்தான் இது நமக்குப் புதிதாகத் தெரிகிறது.

பாதி, மூன்றில் இரண்டு, விழுக்காடு என்று வந்தால், ‘ஆஃப்’ என்பதற்குப் பிறகு வரும் சொல்லைப் பாருங்கள். ‘ஹாஃப் ஆஃப் தி ரைஸ் இஸ் லெஃப்ட்.’ சோறு எண்ண முடியாதது, ‘இஸ்’. ‘ஹாஃப் ஆஃப் தி பிளேட்ஸ் ஆர் டர்ட்டி.’ தட்டுகளை எண்ணலாம், ‘ஆர்’. ‘டூ-தேர்ட்ஸ் ஆஃப் தி வாட்டர் இஸ்...’, ‘டூ-தேர்ட்ஸ் ஆஃப் தி மெம்பர்ஸ் ஆர்...’. ‘தர்ட்டி பெர்சென்ட்’ வந்தாலும் இதே முறைதான்.

5. ‘ஒன் ஆஃப்’, ‘எ நம்பர் ஆஃப்’, ‘தி நம்பர் ஆஃப்’

தேர்வுத் தாளில் இவை மூன்றும் அடிக்கடி எட்டிப்பார்க்கும்.

‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்.’ ‘ஃபிரெண்ட்ஸ்’ பன்மை, ‘இஸ்’ ஒருமை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது குழப்பம். ஆனால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘என் நண்பர்களில் ஒருவர் தாதியாக இருக்கிறார்.’ நண்பர்கள் பலர், அவர்களில் ஒருவர். வினை அந்த ஒருவருக்கு. அப்படியே ஆங்கிலமும்! ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்று சொல்லும் தவறு நம்மிடையே மிக அதிகம். ‘என் நண்பனில் ஒருவர்’ என்று தமிழில் சொல்வோமா? அந்த ஒரு கேள்வி போதும்.

‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்.’ சில பல மாணவர்கள் வரவில்லை. இங்கே ‘எ நம்பர் ஆஃப்’ என்பதற்குப் ‘பல’ என்றுதான் பொருள். வராதவர்கள் மாணவர்கள்; எனவே ‘ஆர்’.

‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ் இன்க்ரீசிங்.’ மாணவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. கூடுவது எது? எண்ணிக்கை. அது ஒன்றுதான், எனவே ‘இஸ்’. தொடக்கத்தில் ‘எ’ வந்தால் ‘பல’, ‘தி’ வந்தால் ‘எண்ணிக்கை’. இதை மனத்தில் வைத்தால் இனி மாறாது.

ஒரு வினோதமும் சொல்கிறேன். ‘மோர் தன் ஒன் ஸ்டூடண்ட் இஸ் ஆப்சென்ட்.’ ஒன்றுக்கு மேல் என்றாலே குறைந்தது இரண்டு. ஆனாலும் ‘ஸ்டூடண்ட்’ ஒருமை, ‘இஸ்’ ஒருமை. பொருளைப் பார்த்தால் பன்மை; பக்கத்தில் நிற்கும் ‘ஒன்’ என்ற சொல் இழுத்துக்கொள்கிறது. நம் சாவிக்குத் திறக்காத ஒரு பூட்டு இது. இப்படி ஒன்றிரண்டு எந்த மொழியிலும் இருக்கும். நெட்டுருப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

6. ‘லெஸ்’, ‘ஃபியூவர்’

தமிழில் ‘குறைவு’ ஒன்றுதான். பணமும் குறையும், ஆளும் குறையும். மலாயிலும் ‘கூராங்’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல். தனித்தனியாக எண்ணினால் ‘ஃபியூவர்’, மொத்தமாகப் பார்த்தால் ‘லெஸ்’. ‘ஃபியூவர் ஸ்டூடண்ட்ஸ்’, ‘ஃபியூவர் மிஸ்டேக்ஸ்’. ‘லெஸ் சுகர்’, ‘லெஸ் டைம்’.

நாலாம் பகுதியில் பார்த்த பணம், தூரம், நேரம் இங்கேயும் மொத்தம்தான். ஆகவே ‘லெஸ் தன் ஃபிஃப்டி ரிங்கிட்’, ‘லெஸ் தன் டூ அவர்ஸ்’ என்பவை சரி. எண் இருக்கிறதே என்று ‘ஃபியூவர்’ போட வேண்டாம்.

பேச்சில் ஆங்கிலேயர்களே ‘லெஸ் பீப்பிள்’ என்று சொல்வதுண்டு. பத்துப் பொருளுக்குள் வாங்குவோருக்கான கவுண்டரில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று போடுவது பேரங்காடிகளின் வழக்கம். அது இலக்கணப்படி தவறு என்று பிரிட்டனில் நெடுநாள் முணுமுணுப்பு. 2008-இல் டெஸ்கோ அந்த வாசகத்தை ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்ற முடிவுசெய்தது. சண்டையே வேண்டாம் என்று வேறு சொல்லுக்குப் போய்விட்டார்கள்! நீங்களும் அப்படிச் செய்யலாம். ஐயம் வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள். ஆனால் தேர்வில் ‘லெஸ் ஸ்டூடண்ட்ஸ்’ என்று எழுதாதீர்கள். திருத்துகிறவர் விடமாட்டார்.

7. காதும் நாக்கும்

இது என் சொந்த அனுபவம், சிரிக்காமல் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்காக வாடகைக் கடைக்குத் தொலைபேசியில் மேசை சொன்னேன். ‘ஃபிஃப்டீன் டேபிள்ஸ்’ என்றேன். சாயங்காலம் லாரி வந்தது. இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஐம்பது மேசை! கடைக்காரர் மேல் பிழை இல்லை. என் வாயிலிருந்து வந்தது அவர் காதில் ‘ஃபிஃப்டி’யாக விழுந்திருக்கிறது. திருப்பி ஏற்றிய கூலி என் பையிலிருந்து போனது.

தமிழில் பதினைந்தையும் ஐம்பதையும் யாரும் குழப்ப முடியாது. மலாயில் ‘லீமா பெலாஸ்’, ‘லீமா புலோ’, அதுவும் தெளிவு. ஆங்கிலத்தில் 13-உம் 30-உம், 14-உம் 40-உம், இப்படி 19-உம் 90-உம் வரை ஏழு ஜோடிகள் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். விதி என்ன? ‘டீன்’ என்று முடிவதில் கடைசிப் பகுதியை அழுத்தி நீட்ட வேண்டும்: ‘ஃபிஃப்-டீன்’. ‘டி’ என்று முடிவதில் முதல் பகுதியை அழுத்திக் கடைசியைக் குறுக்க வேண்டும்: ‘ஃபிஃப்-டி’.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபிஃப்டீன்’ என்பதிலும் அழுத்தம் முன்பகுதிக்கு நகர்ந்துவிடும். ‘ஃபிஃப்டீன் டேபிள்ஸ்’ என்று வேகமாகச் சொன்னால் நடந்தது அதுதான். ஆகவே பணம், ஆள் கணக்கு, சாமான் கணக்கு என்று வந்தால் இலக்கத்தையும் பிரித்துச் சொல்லுங்கள்: ‘ஃபிஃப்டீன், ஒன்-ஃபைவ்’. ஒரு நொடி வேலை. லாரி மிச்சம்.

மாடியையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் முறையில் தரைத்தளம் ‘கிரவுண்ட் ஃபுளோர்’. அதற்கு மேலே இருப்பதுதான் ‘ஃபர்ஸ்ட் ஃபுளோர்’. அமெரிக்க முறையில் தரைத்தளமே ‘ஃபர்ஸ்ட் ஃபுளோர்’. நம் நாட்டில் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் கணக்கு. சிங்கப்பூர் முகவரிகளில் 01 என்று தொடங்கும் வீடோ கடையோ தரையோடுதான் இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு ‘தேர்ட் ஃபுளோர்’ வரச் சொன்னால், மின்தூக்கியில் எந்தப் பொத்தான் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. எழுதும்போது

எழுத்துப் பிழை சில எண்களில் மட்டும் திரும்பத் திரும்ப வரும். ‘ஃபோர்’ என்பதில் ‘யூ’ எழுத்து உண்டு, ‘ஃபோர்டீன்’ என்பதிலும் உண்டு. ஆனால் ‘ஃபோர்ட்டி’யில் கிடையாது. எஃப், ஓ, ஆர், டி, ஒய். அவ்வளவே. ‘நைன்’ என்பதில் கடைசியில் ‘ஈ’ உண்டு. ‘நைன்த்’ என்றால் அது போய்விடும். ஆனால் ‘நைன்ட்டி’யில் அது திரும்ப வந்துவிடும். ‘ட்வெல்வ்’ என்பதன் ‘வீ’, ‘ட்வெல்ஃப்த்’ ஆகும்போது ‘எஃப்’ ஆகிவிடும்.

21 முதல் 99 வரை சொல்லால் எழுதினால் நடுவில் சிறு கோடு: ‘ட்வென்டி-ஒன்’. நூறுக்குப் பிறகு பிரிட்டிஷ் வழக்கில் ‘அண்ட்’ வரும்: ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபைவ்’. அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் வழக்கு, அதையே கடைப்பிடியுங்கள். காசோலை எழுதும்போது தொகையின் கடைசியில் ‘ஒன்லி’ போடுவதை மறக்காதீர்கள். பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாமல் பூட்டுவதற்காக அது.

கட்டுரையில் வாக்கியத்தை இலக்கத்தால் தொடங்காதீர்கள். ‘25 ஸ்டூடண்ட்ஸ்’ என்று தொடங்குவதைவிட ‘ட்வென்டி-ஃபைவ் ஸ்டூடண்ட்ஸ்’ என்று சொல்லால் எழுதுங்கள்.

பயிற்சி

கீழே உள்ள எட்டு வாக்கியங்களில் ஏழு தவறு, ஒன்று சரி. விடையைப் பார்க்காமல் நோட்டில் திருத்தி எழுதுங்கள்.

அ. ‘ஷீ இஸ் எ ட்வெல்வ் இயர்ஸ் ஓல்ட் கேர்ள்.’
ஆ. ‘ஒன் ஆஃப் மை சிஸ்டர் வொர்க்ஸ் இன் பினாங்.’
இ. ‘டூ ஹண்ட்ரட்ஸ் பீப்பிள் கேம்.’
ஈ. ‘ட்வென்டி ரிங்கிட் ஆர் நாட் எனஃப்.’
உ. ‘எ நம்பர் ஆஃப் பாய்ஸ் இஸ் லேட்.’
ஊ. ‘ஹாஃப் ஆஃப் தி சேர்ஸ் இஸ் புரோக்கன்.’
எ. ‘த்ரீ அவர்ஸ் இஸ் டூ லாங்.’
ஏ. ‘லெஸ் ஸ்டூடண்ட்ஸ் கேம் டுடே.’

விடை: அ – ‘ட்வெல்வ்-இயர்-ஓல்ட்’, அடைமொழி. ஆ – ‘சிஸ்டர்ஸ்’. ‘வொர்க்ஸ்’ சரியாகவே இருக்கிறது. இ – ‘டூ ஹண்ட்ரட்’, எண் தெரியும். ஈ – ‘இஸ்’, மொத்தத் தொகை. உ – ‘ஆர்’. ‘பல’ என்ற பொருள். ஊ – ‘ஆர்’, நாற்காலிகளை எண்ணலாம். எ – இதுதான் சரியான வாக்கியம், நேரம் மொத்தம். ஏ – ‘ஃபியூவர்’. மாணவர்களைத் தனித்தனியாக எண்ணுகிறோம்.

ஆறுக்கு மேல் சரியென்றால் நன்று. குறைந்தால் எந்தப் பகுதியில் இடறினீர்கள் என்று பார்த்து, அதை மட்டும் மறுபடி வாய்விட்டுப் படியுங்கள்.

அந்தத் தங்கையின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேனே. நான்காவது வாரம், மேலே சொன்ன மூன்று மொழிக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ‘ரெண்டு அண்ணன்’, ‘டுவா ஓராங் அபாங்’, ‘டூ பிரதர்ஸ்’. சிரித்த பையன்தான் முதலில், ‘ஓ, அதனாலதானா?’ என்றான். அந்தத் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பள்ளி விடுமுறையில் எங்கள் கிளையின் முகாம் வந்தது. மண்டப வாசலில் பெரிய பதாகை கட்டினோம். வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. கட்டி முடித்துக் கீழே இறங்கி, அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தங்கை பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி, ‘அண்ணே, அது த்ரீ-டே கேம்ப்தானே? டேஸ்னு போட்டிருக்கே...’ என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். பட்டப்பகலில், எட்டு அடி நீளத்தில், ‘த்ரீ டேஸ் கேம்ப்’.

யாரும் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். ஏணியை மறுபடி சாய்த்து, வெள்ளைத் தாள் ஒட்டி அந்த ‘எஸ்’ஸை மறைத்தோம். தாளை அளவாக வெட்டிக் கொடுத்தது அந்தத் தங்கை; ஏணியைப் பிடித்துக்கொண்டது பின்வரிசைப் பையன்.